கேட்டது எண், வந்தது எழுத்து

கணினி கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒரே சங்கதி திரும்பத் திரும்ப வருகிறது. கருப்புத் திரையில் புரோகிராம் ஓர் எண் கேட்கிறது, எதிரில் இருப்பவர் வேறெதையோ அடிக்கிறார், அதற்குப் பிறகு நடப்பது எதுவும் நல்லதாக இல்லை. எனவே இந்த இதழ் முழுக்க அதற்கே. வழக்கம்போல் கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். எடிட்டரில் அவற்றை ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்: பெரும்பாலும் சின்ன எழுத்து, ஆனால் இஓஎஃப், நல், ஈரேஞ்ச் முழுக்கப் பெரிய எழுத்து, வேல்யூஎர்ரர், நன், டெசிமல், நெக்ஸ்ட்இன்ட் போன்றவற்றில் பெரியதும் சின்னதும் கலந்து வரும்.

சி மொழியில் 1 முதல் 4 வரை எண் கேட்கும் மெனு எழுதினேன். யாராவது 'ஏபிசி' என்று அடித்துவிட்டால் மெனு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. எண்ணை வாங்கும் ஸ்கேன்எஃப்-க்குப் பிறகு, கீபோர்டு உள்ளீடான எஸ்டிடிஇன்-ஐ எஃப்ஃப்ளஷ் செய்து காலியாக்கினால் போதும் என்றான் நண்பன். லேபில் சரியானது. வீட்டில் உபுண்டுவில் ஆகவில்லை. ஏன்?
— பொறியியல் மாணவர், பர்கூர்

நண்பர் சொன்ன வரியை முதலில் அழித்துவிடுங்கள். எஃப்ஃப்ளஷ் என்பது வெளியே போகும் ஸ்ட்ரீமுக்கு மட்டும்தான் என்று சி மொழியின் தரநிர்ணயம் வைத்திருக்கிறது. உள்ளே வரும் ஸ்ட்ரீமுக்கு அதைப் போட்டால் என்ன நடக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. பழைய விண்டோஸ் கம்பைலர்கள் சலுகையாக அதைச் செய்து கொடுத்தன. விஷுவல் ஸ்டுடியோவிலேயே 2015 பதிப்பிலிருந்து அந்தச் சலுகை போய்விட்டது. லேபில் இருப்பது பழைய கம்பைலராக இருக்கும்.

லூப் ஏன் நிற்கவில்லை என்பதற்கு வருவோம். நீங்கள் என்டர் தட்டியதும் டெர்மினல் அந்த முழு வரியையும் உள்ளே தள்ளுகிறது. ஸ்கேன்எஃப், முழு எண் வேண்டும் என்று சொல்லும் %டி-யைப் பார்த்ததும், முன்னால் உள்ள இடைவெளிகளைத் தாண்டிவிட்டு ஓர் இலக்கத்தைத் தேடும். 'ஏ' நிற்கிறது. இது எண்ணில்லை என்று கையை எடுத்துக்கொள்கிறது. அந்த 'ஏ'-யை எடுத்துப் போடுவதில்லை. உங்கள் மாறியில் பழைய மதிப்பே கிடக்கிறது. லூப் திரும்ப வந்தால் அதே 'ஏ' அதே இடத்தில். டோக்கன் வரிசையில் முதல் ஆள் நகராவிட்டால் பின்னால் நிற்பவருக்கு வழி ஏது?

அவசரத்துக்கு இப்படிச் செய்யலாம். ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் மதிப்பைப் பாருங்கள். எத்தனை மாறிகளை நிரப்பினேன் என்பதே அது. 1 வந்தால் எண் கிடைத்தது. 0 வந்தால் குப்பை. வரிமுடிவு எழுத்து வரும்வரை, ஒவ்வோர் எழுத்தாக எடுக்கும் கெட்சார் போட்டு வரியைக் காலி செய்யுங்கள். இஓஎஃப் வந்தால் உள்ளீடே முடிந்துவிட்டது, லூப்பை விட்டு வெளியேறுங்கள். காலி செய்யும் லூப்பிலும் இஓஎஃப்-ஐப் பார்க்கவேண்டும். மறந்தால் ஒரு முடிவில்லா லூப்பை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்ததாக ஆகும். கெட்சார் தருவதை இன்ட் மாறியில் வாங்குங்கள், சார் மாறியில் வேண்டாம். சார் மாறியில் இஓஎஃப்-ஐயும் உண்மையான ஓர் எழுத்தையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போகலாம்.

இதோடு விட்டுவிட்டால் '12ஏபிசி' என்பதை 12 என்று ஏற்றுக்கொண்டு 'ஏபிசி'-யை அடுத்த கேள்விக்கு மிச்சம் வைக்கும். '3.7' என்றால் 3 எடுத்துக்கொள்ளும், '.7' அடுத்த முறை தகராறு செய்யும். அதனால் எங்கள் வீட்டு வழக்கம் வேறு: வரியை முழுசாக எழுத்தாகவே வாங்குவது, பிறகு எண்ணாக மாற்றுவது. சி-யில் அதற்கு எஃப்கெட்ஸ், எஸ்டிஆர்டூஎல் என்ற இரண்டு ஃபங்ஷன்கள்.

முதலில் 64 எழுத்து கொள்ளும் ஓர் அரே. எஃப்கெட்ஸ் அதில் வரியை வாங்கும். அது நல் என்ற வெற்றுப் பாயின்டரைத் தந்தால் உள்ளீடு முடிந்தது. வாங்கிய வரியில் வரிமுடிவு எழுத்து இல்லையென்றால், ஆள் 63 எழுத்தோ அதற்கு மேலோ அடித்திருக்கிறார். மிச்சத்தைக் காலி செய்துவிட்டு மறுபடி கேளுங்கள். அடுத்து, தவறின் எண்ணை வைத்திருக்கும் எர்நோ என்ற மாறியில் 0 வையுங்கள். லைப்ரரி ஃபங்ஷன் எதுவும் எர்நோ-வைத் தானாக 0 ஆக்காது. முன்னே நடந்த வேறு தவறின் எண் அதில் தங்கியிருக்கக்கூடும். இப்போது எஸ்டிஆர்டூஎல்-ஐ அழையுங்கள். முதலில் சரம் (வாங்கிய எழுத்து வரிசை), இரண்டாவதாக 'எங்கே நின்றேன்' என்று சொல்லும் ஒரு பாயின்டரின் முகவரி, மூன்றாவதாக பத்தடிமானம் என்பதற்கு 10.

நின்ற இடம் சரத்தின் ஆரம்பமாகவே இருந்தால் எண்ணே இல்லை. நின்ற இடத்துக்குப் பிறகு இடைவெளி, வரிமுடிவு தவிர வேறெதுவும் இருந்தால் குப்பை ஒட்டியிருக்கிறது. எர்நோ-வில் ஈரேஞ்ச் இருந்தால் எண் கொள்ளளவை மீறிவிட்டது. கடைசியாக, உங்களுக்கு வேண்டிய எல்லை. இந்த மெனுவுக்கு 1 முதல் 4.

இதில் இரண்டு இடங்களில் ஆட்கள் சறுக்குகிறார்கள். எஸ்டிஆர்டூஎல் தருவது லாங். விண்டோஸில் லாங் 32 பிட், 64 பிட் லினக்ஸில் 64 பிட். ஆகவே 99999999999 என்று அடித்தால் விண்டோஸில் ஈரேஞ்ச் வரும், லினக்ஸில் வராது. அதை அப்படியே இன்ட்டில் போட்டால் மதிப்பு சிதையும். எல்லைச் சோதனையை லாங் மாறியிலேயே முடித்துவிட்டு, பிறகு இன்ட்டுக்கு மாற்றுங்கள். இன்னொன்று, மிச்சத்தில் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கும் இஸ்ஸ்பேஸ்-க்கு எழுத்தை அன்சைன்ட் சார் ஆக்கித் தரவேண்டும். யாராவது தமிழில் அடித்தால் அந்த பைட்டுகள் பல கணினிகளில் குறை எண்ணாக வந்து நிற்கும், இஸ்ஸ்பேஸ் அதற்குத் தயாராக இல்லை.

எண்ணாக மாற்ற ஏடூஐ என்ற ஃபங்ஷன் போதாதா? அதைத் தொடாதீர்கள். 'ஏபிசி'-க்கும் 0 தரும், '0'-க்கும் 0 தரும். எது எது என்று கேட்க வழியில்லை.

டெலிபோன் டைரக்டரி மாதிரி ஒரு சிறு புரோகிராம். எஸ்டிடி கோடு 04342 என்று கொடுத்தால் 2274 என்று அச்சாகிறது. கம்பைலர் பழுதா?
— வாசகர், தருமபுரி

கம்பைலர் மேல் பழி வேண்டாம். ஸ்கேன்எஃப்-இல் %டி-க்குப் பதில் %ஐ போட்டிருப்பீர்கள். %ஐ முதலில் சுழியத்தைப் பார்த்தால் அதை எட்டடிமான (0 முதல் 7 வரையான இலக்கங்கள் மட்டும் கொண்ட) எண்ணாக எடுத்துக்கொள்ளும். 4 முறை 512, 3 முறை 64, 4 முறை 8, பிறகு 2, கூட்டினால் 2274. கிருஷ்ணகிரியின் 04343-க்கு 2275 வரும், ஓசூரின் 04344-க்கு 2276. நாமக்கல்லின் 04286-ஐக் கொடுத்துப் பாருங்கள், 34 வரும்: எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது என்பதால் 042-உடன் நின்றுவிடும், '86' அடுத்த கேள்விக்குப் பதிலாகப் போய் உட்காரும்.

%டி போட்டாலும் பாதிதான் தீரும். அப்போது 4342 வரும், முன்னால் இருந்த சுழியம் காணாமல் போகும். எஸ்டிடி கோடு, மொபைல் எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இவற்றை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. பெயரில் எண் என்று இருந்தாலும் இவை எழுத்து வரிசைகள். சரமாகவே வாங்கி, சரமாகவே வையுங்கள். நீளத்தையும், எல்லாம் இலக்கமா என்பதையும் சோதித்தால் போதும். மொபைல் எண்ணை இன்ட்டில் வாங்குபவர்களுக்குத் தனியாக ஒரு தண்டனை உண்டு: 32 பிட் இன்ட்டின் உச்சம் 2147483647. நம் ஊர் மொபைல் எண்கள் 6, 7, 8, 9 என்று தொடங்கும் பத்து இலக்கங்கள், ஒன்றுகூட அதற்குள் அடங்காது. பின்கோடு அடங்கும், அதனால் தப்பு வெளியே தெரியாது.

பேஷ் ஷெல்லில் ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கும் இதே எட்டடிமானக் கண்ணி இருக்கிறது. மாதத்தை 01, 02 என்று வாங்கி இரட்டை அடைப்புக்குள் கணக்குப் போட்டால் ஜூலை வரை ஓடும். ஆகஸ்டில் 08 என்றதும் எர்ரர். மாறிக்கு முன்னால் 10# சேர்த்தால் பத்தடிமானமாக எடுத்துக்கொள்ளும்.

பிளஸ் 2 பைத்தான் பாடத்தில் இரண்டு மதிப்பெண்களைக் கூட்டச் சொன்னார்கள். 45, 38 கொடுத்தேன், 4538 வந்தது.
— மாணவி, அரூர்

பைத்தான் 3-இல் இன்புட் எப்போதும் சரத்தையே தரும். இரண்டு சரங்களைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். இன்ட் என்ற ஃபங்ஷனுக்குள் இன்புட்டை வையுங்கள், 83 வரும்.

அடுத்த கடிதத்தில் இதைக் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறோம். தேர்வுக்கு வராத மாணவருக்கு 'ஏபி' என்று அடிப்பது பள்ளி வழக்கம். அந்த இடத்தில் இன்ட் ஃபங்ஷன் வேல்யூஎர்ரர் எழுப்பி புரோகிராம் நின்றுவிடும், அதுவரை அடித்த நாற்பது பேரின் மதிப்பெண்ணும் போகும். ஆகவே வரியை முதலில் ஒரு மாறியில் வாங்கி, ஸ்டிரிப் போட்டு, பெரிய எழுத்தாக்கி, 'ஏபி'-யா என்று பாருங்கள். ஆமென்றால் 'மதிப்பு இல்லை' என்பதற்கான நன் என்று பதியுங்கள்; 0 போட்டால் வகுப்புச் சராசரி கீழே இறங்கிவிடும். இல்லையென்றால் ட்ரை போட்டு இன்ட் ஆக்குங்கள்.

ட்ரை-யில் வரும் தவறைப் பிடிக்கும் எக்செப்ட் எழுதும்போது அதன் பக்கத்தில் வேல்யூஎர்ரர் என்று பெயர் இருக்கட்டும். வெறும் எக்செப்ட் எல்லாவற்றையும் விழுங்கும், கன்ட்ரோல்-சி உட்பட. புரோகிராமை நிறுத்தப் பார்ப்பவருக்கு 'எண்ணை மட்டும் கொடுக்கவும்' என்று திரும்பத் திரும்பப் பதில் வரும், கடைசியில் ஜன்னலையே மூடவேண்டியதுதான். உள்ளீடு முடிந்துவிட்டால் வரும் இஓஎஃப்எர்ரரையும் அது விழுங்கும், அப்போது ஜன்னலை மூடுகிற ஆள்கூட இருக்கமாட்டார்.

இன்புட்டை இன்ட்டுக்குள் வைப்பதைவிட இவால்-க்குள் வைத்தால் முழு எண், தசமம் இரண்டும் வருமாமே?
— வாசகர், பாலக்கோடு

வரும். அடிப்பவர் என்ன கட்டளை அடித்தாலும் அதுவும் ஓடும், உங்கள் ஃபைலை அழிக்கும் கட்டளை உட்பட. பைத்தான் 2-இல் இன்புட் இப்படித்தான் இருந்தது. 2008-இல் வந்த பைத்தான் 3-இல் அதை மாற்றியதற்குக் காரணம் இருக்கிறது. முழு எண்ணுக்கு இன்ட், தசமத்துக்கு ஃப்ளோட் அல்லது டெசிமல். இவால் வேண்டாம்.

மாங்காய் மண்டிக் கணக்குக்கு ஒரு பழைய சி புரோகிராம் ஓடுகிறது. தொகை 1,25,000 என்று அடித்தால் 1 ரூபாய் என்று பதிகிறது. கமா போடாமல் அடியுங்கள் என்று சொல்லியும் ஆட்கள் கேட்பதில்லை.
— கணக்கர், கிருஷ்ணகிரி

கேட்கமாட்டார்கள். கை பில் புக்கில் பழகியது. லட்சக் கணக்கில் கமா இல்லாமல் எழுதினால் சுழியத்தை எண்ணவே ஒரு நிமிடம் ஆகும்; தவறாகப் படிப்பதைவிட கமா நல்லது. மாறவேண்டியது புரோகிராம்தான்.

உள்ளே ஏடூஐ அல்லது %டி இருக்கும். இரண்டும் கமாவைப் பார்த்ததும் நின்றுவிடும், வாங்கியவரைக்கும் போதும் என்று 1-ஐக் கொடுத்துவிடும். எர்ரரும் வராது. பைத்தானாக இருந்தால் இன்ட் மறுத்திருக்கும், அது ஒரு வகையில் மேல். சத்தம் போடாமல் ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்தை ஒரு ரூபாயாக்கும் புரோகிராமைவிட நின்றுபோகும் புரோகிராம் நல்லது.

கமாவை எல்லாம் எடுத்துவிட்டு மாற்றலாமே என்று தோன்றும். பெரும்பாலும் அது போதும். ஆனால் '12,5,000' என்று ஒருவர் அடித்தால் அவர் நினைத்தது 1,25,000-ஆ, 12,50,000-ஆ, ஒரு சுழியம் விட்டுப்போனதா? கமாவைக் கழற்றினால் 125000 என்று அமைதியாகப் போய்விடும். பணம் என்பதால் கொஞ்சம் கறாராக இருப்போம். கமா இருந்தால் அது சரியான இடத்தில் இருக்கவேண்டும்: கடைசிக் கமாவுக்குப் பின் மூன்று இலக்கம், நடுவில் உள்ளவை இரண்டிரண்டு, முதலில் ஒன்று அல்லது இரண்டு. கமாவே இல்லாவிட்டாலும் சரி. இந்த இரண்டு வடிவத்தில் எதுவும் பொருந்தாவிட்டால் மறுபடி கேளுங்கள். வெளியூர் வியாபாரி 125,000 என்று ஆங்கில முறையில் எழுதக்கூடும். அதை ஏற்பதா என்பது உங்கள் மண்டியின் முடிவு. ஏற்றால் அதற்கும் ஒரு வடிவம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகு தொகையை நீங்களே சரியான கமாவோடு திரையில் காட்டி, 'ரூ. 1,25,000 — சரியா?' என்று கேளுங்கள். எல்லாத் தொகைக்கும் கேட்டால் இரண்டே நாளில் ஆட்கள் பார்க்காமல் என்டர் தட்டப் பழகிவிடுவார்கள். சீசனில் சாதாரணமாக வரும் தொகை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அதைத் தாண்டினால் மட்டும் கேட்கட்டும்.

எடைக்கும் இப்படி ஒன்று வையுங்கள். 'எடை:' என்று மட்டும் கேட்டால் ஒருவர் கிலோவில் அடிப்பார், ஒருவர் டன்னில். 'எடை, கிலோவில்:' என்று கேளுங்கள். 3.5 என்று வந்தால் அது மூன்றரைக் கிலோவாக இருக்க வாய்ப்பில்லை, லாரி லோடுக்கு எல்லைச் சோதனை அதைப் பிடித்துவிடும்.

பால் சொசைட்டி மாதிரிக் கணக்கு எழுதிப் பழகுகிறேன். கொழுப்புச் சத்து 4.35 என்று வாங்கி 100-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கினால் 434 வருகிறது. ஒரு புள்ளி எங்கே போனது?
— வாசகர், காரிமங்கலம்

4.35 என்ற பின்னத்தை இரண்டடிமானத்தில் முழுசாக எழுத முடியாது, மூன்றில் ஒன்றைத் தசமத்தில் முழுசாக எழுத முடியாததைப் போல. கணினி வைத்துக்கொள்வது மிக அருகில் உள்ள, சற்றே குறைந்த ஒரு மதிப்பு. நூறால் பெருக்கினால் 434.99999999999994. இன்ட் ஃபங்ஷன் புள்ளிக்குப் பின் உள்ளதை வெட்டிவிடும். ரவுண்ட் போட்டால் 435 கிடைக்கும், ஆனால் அது ஒட்டுப் போடுவது. அடித்தவர் கையில் இருந்தது '4.35' என்ற சரம். அதில் எந்தப் பிழையும் இல்லை. ஃப்ளோட் ஆக்கும்போதுதான் பிழை நுழைகிறது.

பைத்தானில் எண்ணைப் பத்தடிமானத்திலேயே வைத்துக்கொள்ளும் டெசிமல் இருக்கிறது. சரத்தை நேரே டெசிமலுக்குக் கொடுங்கள். முதலில் ஃப்ளோட் ஆக்கி, பிறகு டெசிமலுக்குக் கொடுத்தால் பிழையையும் சேர்த்துக் கொடுத்ததாகும்.

சி-யில் சரத்தைப் புள்ளியில் இரண்டாக வெட்டி, இரண்டு பக்கத்தையும் முழு எண்ணாக மாற்றிச் சேர்ப்பது வழக்கம். அங்கே ஒரு பொறி: '4.5' என்பதில் புள்ளிக்குப் பின் 5 என்று வாங்கி 405 என்று சேர்த்துவிடுவார்கள். '4.5' என்றால் 450, '4.05' என்றால்தான் 405. புள்ளிக்குப் பின் ஒரே இலக்கம் வந்தால் வலப்பக்கம் ஒரு சுழியம் சேர்த்துவிட்டு மாற்றுங்கள். மூன்று இலக்கம் வந்தால் வெட்டாதீர்கள், திருப்பிக் கேளுங்கள். ரூபாய், பைசாவுக்கும் இதே முறைதான்: உள்ளே எல்லாம் பைசாவாக, முழு எண்ணாக ஓடட்டும், அச்சிடும்போது மட்டும் புள்ளி வையுங்கள்.

கே.ஆர்.பி. அணை நீர்மட்டத்தைத் தினமும் பதியும் பைத்தான் புரோகிராம். 0-க்குக் கீழும் 52-க்கு மேலும் போனால் மறுக்கச் சொல்லியிருக்கிறேன். தம்பி விளையாட்டாக என்-ஏ-என் என்று அடித்தான். ஏற்றுக்கொண்டது! அதற்குப் பிறகு மாதச் சராசரியும் அதே என்-ஏ-என் என்று வருகிறது.
— ஆசிரியை, காவேரிப்பட்டணம்

உங்கள் தம்பி நல்ல சோதனையாளர். 'எண் அல்ல' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. மிதவை எண்களில் முறையான ஒரு மதிப்பு. பைத்தானின் ஃப்ளோட் மட்டுமில்லை, சி-யின் எஸ்டிஆர்டூடி-யும் அதை எண்ணாகவே ஏற்கும். முடிவிலியைக் குறிக்கும் ஐ-என்-எஃப் என்பதையும் ஏற்கும்.

என்-ஏ-என்னை எதோடு ஒப்பிட்டுச் சின்னதா, பெரியதா, சமமா என்று கேட்டாலும் விடை 'இல்லை'. 0-ஐவிடச் சின்னதா? இல்லை. 52-ஐவிடப் பெரியதா? இல்லை. அப்படியானால் மறுக்கக் காரணமில்லை என்று உங்கள் சோதனை விட்டுவிடுகிறது. கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: '0-க்கும் 52-க்கும் இடையில் இருக்கிறதா' என்று கேட்டு, 'ஆம்' என்றால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். என்-ஏ-என்னுக்கு அதற்கும் 'இல்லை' என்றே பதில் வரும், வெளியே நிற்கும். உள்ளே விடுவதற்கு நிபந்தனை வைப்பது, வெளியே தள்ளுவதற்கு வைப்பதைவிட எப்போதும் பத்திரம்.

எல்லையை அணைக்கு அணை மாற்றவேண்டியிருக்கும். கெலவரப்பள்ளியின் முழு மட்டம் 44.28 அடி, 52 என்று பொதுவாக வைத்தால் அங்கே 50 அடி என்று பதிவாகிவிடும். ஒகேனக்கல் நீர்வரத்தையும் இதே புரோகிராமில் பதிவதானால் அது கனஅடி, பல்லாயிரத்தில் போகும், செய்தித்தாளைப் பார்த்துக் கமாவோடு அடிப்பார்கள். அதற்குத் தனிக் கேள்வி, தனி எல்லை.

தமிழ் எண்களில், அதாவது ௧, ௨, ௩ என்று அடித்தால் கணினிக்குப் புரியுமா?
— வாசகர், ஊத்தங்கரை

பைத்தானுக்குப் புரியும். '௧௨' என்று அடித்து இன்ட் ஆக்கினால் 12 வரும். யூனிகோடில் தசம இலக்கம் என்று வகைப்படுத்திய எல்லாவற்றையும் அது ஏற்கும்; தமிழ் இலக்கங்கள் அந்த வகையில் இருக்கின்றன. தமிழ்ச் சுழியம் ௦ மட்டும் கொஞ்சம் தாமதமாக, 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்தது. பழைய முறைப்படி பன்னிரண்டை ௰௨ என்று எழுதினால் மறுத்துவிடும். ௰ என்பது எண் மதிப்புள்ள குறி, தசம இலக்கம் இல்லை. சி-யின் எஸ்டிஆர்டூஎல்-க்கு ௧-உம் புரியாது, எழுத்தாகவே பார்க்கும்.

இலக்கமா என்று பார்க்கப் பைத்தானில் இஸ்டிஜிட், இஸ்டெசிமல், இஸ்நியூமெரிக் என்று மூன்று இருக்கின்றன. இஸ்டிஜிட் மேலே சின்னதாக எழுதும் ² என்ற வர்க்கக் குறியையும் இலக்கம் என்று சொல்லும், இன்ட் அதை மறுக்கும். இன்ட்டோடு ஒத்துப்போவது இஸ்டெசிமல். ஆனால் இஸ்டெசிமல் '-5'-ஐ மறுக்கும், கூட்டல் கழித்தல் குறிகள் அதற்குத் தெரியாது. முன்கூட்டியே சோதிப்பதைவிட ட்ரை போட்டு மாற்றிப் பார்ப்பதே சுருக்கம் என்பது எங்கள் கட்சி.

ஜாவாவில் நெக்ஸ்ட்இன்ட் கொண்டு வயதை வாங்கி, நெக்ஸ்ட்லைன் கொண்டு பெயரை வாங்கினால், பெயர் கேட்காமலே தாண்டிவிடுகிறது.
— மாணவர், பென்னாகரம்

நெக்ஸ்ட்இன்ட் எண்ணை மட்டும் எடுக்கிறது, நீங்கள் தட்டிய என்டரை விட்டுவைக்கிறது. நெக்ஸ்ட்லைன் அந்த மிச்ச என்டரை வெற்று வரியாக எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் நெக்ஸ்ட்லைனிலேயே வாங்கி, வயதை ட்ரிம் செய்து பார்ஸ்இன்ட்டில் மாற்றுங்கள். பார்ஸ்இன்ட் ஓர் இடைவெளியைக்கூடப் பொறுக்காது, ட்ரிம் கட்டாயம். பிளஸ் 1 சி++ பாடத்தில் சின் போட்டுவிட்டு கெட்லைன் போடுபவர்களுக்கும் இதே வியாதி, இதே மருந்து. சி-யில் %டி-க்குப் பிறகு %சி போட்டால் அந்த என்டரே எழுத்தாக வந்து உட்காரும். %சி-க்கு முன் ஓர் இடைவெளி விட்டால் தீரும்.

சின் தவறான உள்ளீட்டில் சிக்கினால் முதலில் பழுதுக் குறியை நீக்கும் கிளியர், பிறகு மிச்ச வரியைத் தள்ளும் இக்னோர். வரிசை மாறினால் இக்னோர் வேலை செய்யாது, பழுதான ஸ்ட்ரீமிலிருந்து எதையும் படிக்க அது மறுத்துவிடும்.

கையால் அடித்தால் நன்றாக ஓடும் புரோகிராம், எண்களை ஒரு ஃபைலில் வைத்துக் கொடுத்தால் முதல் வரியையே 'எண் இல்லை' என்கிறது. ஃபைலைத் திறந்தால் எண்தான் இருக்கிறது.
— வாசகர், ஓசூர்

முதல் வரி மட்டும்தான் என்றால், நோட்பேடில் 'யூடிஎஃப்-8, பிஓஎம் உடன்' என்று சேமித்திருப்பீர்கள். ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் இருக்கிறது. ஸ்டிரிப் அதை எடுக்காது. பிஓஎம் இல்லாமல் சேமியுங்கள். எல்லா வரியிலும் தகராறு என்றால் அது விண்டோஸ் வரிமுடிவு: வரிமுடிவுக்கு முன் இன்னோர் எழுத்தும் சேர்ந்து வருகிறது. பைத்தான் தானே சரிசெய்துகொள்ளும். சி, பேஷ் இரண்டிலும் லினக்ஸில் நீங்கள்தான் கழற்றவேண்டும். நடுவில் எங்கோ ஒரு வரி என்றால் வாட்ஸ்அப்பிலிருந்தோ வலைப்பக்கத்திலிருந்தோ ஒட்டிய எண்ணாக இருக்கும். அகலமில்லா இடைவெளி, சாதாரணக் கழித்தல் குறிபோல் தெரியும் வேறு கோடு எல்லாம் கூட வரும். பைத்தானின் ரெப்ர் போட்டு அச்சிட்டுப் பாருங்கள், ஒளிந்திருக்கும் எழுத்து வெளியே வரும். அந்த வேறு கோட்டைப் பிடிக்க மட்டும் அஸ்கி என்ற ஃபங்ஷன் வேண்டும்.

ஃபைலிலிருந்து வரும்போது 'மறுபடி கொடுக்கவும்' என்று கேட்பதில் அர்த்தமில்லை, கேட்க ஆளில்லை. அடுத்த வரியைப் பதிலாக எடுத்துக்கொண்டு கணக்கு ஒரு வரி நகர்ந்துவிடும். இஸ்ஏடிடிஒய் என்ற ஃபங்ஷன், எதிரில் டெர்மினல் இருக்கிறதா என்று சொல்லும். இல்லையென்றால் வரி எண்ணைச் சொல்லி எர்ரர் ஸ்ட்ரீமில் எழுதிவிட்டு, 0 அல்லாத குறியோடு வெளியேறுங்கள்.

எண் தவறென்றால் திரையில் என்ன எழுதுவது? நான் 'தவறான உள்ளீடு' என்று போடுகிறேன்.
— வாசகி, தேன்கனிக்கோட்டை

அதைப் பார்ப்பவருக்கு எது தவறென்று தெரியாது. அதையே இன்னும் அழுத்தி அடிப்பார். என்ன வந்தது, என்ன வேண்டும் இரண்டையும் சொல்லுங்கள்: '"5O" என்று வந்தது. 1 முதல் 60 வரை முழு எண் வேண்டும்.' மேற்கோள் குறிக்குள் காட்டினால்தான் கடைசி எழுத்து சுழியமில்லை, ஆங்கில ஓ என்று கண்ணில் படும். எண் இல்லை என்பதும் எல்லைக்கு வெளியே என்பதும் வேறு வேறு செய்தி, சேர்க்காதீர்கள்.

மெனுவுக்கு எண்ணாக மாற்றவே வேண்டியதில்லை. '1', '2' என்ற சரத்தோடு ஒப்பிட்டால் போதும், வெளியேற ஓர் எழுத்தையும் அதே இடத்தில் ஏற்கலாம். வழக்கமான விடை ஒன்று இருந்தால் சதுர அடைப்புக்குள் காட்டி, வெறும் என்டருக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வியை வரிமுடிவு இல்லாமல் அச்சிடுகிறீர்கள் என்றால் சி-யில் எஸ்டிடிஅவுட்டுக்கு எஃப்ஃப்ளஷ் போடுங்கள். மேலே திட்டிய அதே ஃபங்ஷன்தான், இது அதற்குரிய இடம்.

அடுத்த வாரம் வைவா. என் புரோகிராமைக் கவிழ்க்க எக்ஸாமினர் என்ன அடிப்பார்?
— மீண்டும் பர்கூரிலிருந்து, வேறொரு மாணவர்

அவருக்கு முன் நீங்களே அடித்துப் பாருங்கள்: வெறும் என்டர்; இடைவெளியும் என்டரும்; 5-க்கு முன்னும் பின்னும் இடைவெளி; 05; +5; -5; 5.0, 5ஏ, 1,000, 99999999999, எல்லையின் இரண்டு முனைகள், அவற்றுக்கு ஒன்று கீழே, ஒன்று மேலே, ஒரே வரியில் '3 4', கடைசியாக லினக்ஸில் கன்ட்ரோல்-டி, விண்டோஸில் கன்ட்ரோல்-இசட் தட்டி என்டர். அன்சைன்ட் எண்ணுக்கு %யு போட்டிருந்தால் -1 கொடுத்துப் பாருங்கள், 4294967295 என்று வந்து நிற்கும்.

இவற்றில் பெரும்பாலானவர்கள் சோதிக்காமல் வருவது வெறும் என்டரைத்தான். ஸ்கேன்எஃப் அதை இடைவெளியாகத் தாண்டிவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருக்கும். எத்தனை முறை தட்டினாலும் கர்சர் கீழே இறங்கிக்கொண்டே போகும், கேள்வி திரும்ப வராது. புரோகிராம் தொங்கிவிட்டது என்று எக்ஸாமினர் எழுதிக்கொள்வார். எஃப்கெட்ஸ் வெற்று வரியை வெற்று வரியாகவே உங்கள் கையில் கொடுத்துவிடும்.